கம்பத்து நிழல்

பாலக்கோடு பேரூராட்சி உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.
நான் தொட்டையன். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர்.
எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது,
என் நோட்டில் இருக்க வேண்டியது அவ்வளவுதான்.

போன மாசியிலிருந்து
ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டேன்.
மருந்துக்கடை ஷமீம் கொடுத்த வெப்பமானி
கட்டணக் கழிப்பறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.
மாரண்டஅள்ளி 2.10, வந்தது 2.25, நாற்பத்தொன்று.
ஓசூர் 2.40, வரவில்லை, நாற்பத்தொன்றரை.
வரும் என்று நின்றவர்கள் முப்பத்தாறு பேர்,
ஒரு கைக்குழந்தை, தக்காளிக் கூடை நான்கு.

நிழற்குடைக்குத் தகரம் போட்டீர்கள். நன்றி.
தகரத்தில் உங்கள் பெயர்கள் சிவப்பு எழுத்தில் இருக்கின்றன.
அதனடியில் நாற்பத்து மூன்று.
அதனால் நம் ஊரில்
நிழற்குடைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

எங்கே என்றால்,
ஆட்டோ ஸ்டாண்டு ஓரம் ஒரு மின்கம்பம்.
அதன் நிழல் ஒரு சாண் அகலம்.
அந்தச் சாணுக்குள் ஏழு பேர்
ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராய்.
ரேஷன் கடையில்கூட நம்மவர்கள்
இவ்வளவு ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை.
நிழல் நகர்ந்தால் வரிசையும் நகரும்.
அலுவலகக் கடிகாரம் நின்றுபோன அன்று
அவர்களைப் பார்த்துத்தான் மணி எழுதினேன்.

முதல் மனுவுக்குத் தலைப்பு
‘காலநிலை மாற்றம்’ என்று வைத்தேன்.
எழுத்தர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
‘இதெல்லாம் டெல்லி சமாச்சாரம்யா.
இங்க குழாய், சாக்கடை, தெருவிளக்கு, அவ்வளவுதான்.’
சரி, தெருவிளக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
விளக்கு எரியாத நேரத்தில்
அந்தக் கம்பம் செய்யும் வேலையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சித்திரையில் கேட்டேன்:
ஒரு கூட்டத்தை, அரைமணி நேரம்,
பிற்பகல் இரண்டரைக்கு இங்கே வைத்துப் பாருங்கள் என்று.
மின்விசிறிக்குக் கீழே சிரித்தீர்களாம்.
தப்பில்லை. என் வீட்டிலும் சிரித்தார்கள்.

ஒன்பதாம் வார்டு கெம்பண்ணன் மட்டும் வந்தார்.
வேலையாக வந்தவரா, என் மனுவுக்காக வந்தவரா, நான் கேட்கவில்லை.
வெள்ளைச் சட்டை. வரிசையில் எட்டாவது ஆள்.
எட்டாவது ஆளுக்கு நிழல் கிடையாது.
முன்னால் நின்ற கூடைக்காரப் பெண்
திரும்பிப் பார்த்தாள், ஓட்டுப் போட்ட முகம்தான்,
அரை அடி முன்னால் நகர்ந்து
அவர் நெற்றிக்கு மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தாள்.
இருபத்திரண்டு நிமிடம் நின்றார்.
குழாயைத் திறந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.
ஒன்றும் பேசவில்லை.
கூட்டத்தில் உங்களோடுதான் உட்கார்ந்திருப்பார், கேளுங்கள்.

நான் கேட்பது பெரிதில்லை.
மேற்கு ஓரமாகப் புங்கன்கள், கூண்டோடு;
நட்ட பிறகு தண்ணீர் ஊற்ற ஆளோடு, அதுதான் முக்கியம்.
மார்க்கெட்டில் விலை போகாத தக்காளியை
ஏரிக்கரையில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து எரிக்கிறார்கள்.
அந்தப் புகை இரண்டு மணி வண்டிக்குள்
டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறது.
பழத்தை உரமாக்கக் குழி வெட்டலாம், இடம் இருக்கிறது.
அந்தக் கரையும் ஆண்டுக்கு ஆண்டு உள்ளே நகர்கிறது,
யார் நகர்த்துவது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
தகரத்துக்கு மேல் வெள்ளை அடிக்க
என் மைத்துனன் கூலி வேண்டாம் என்கிறான்.
சுண்ணாம்பு மட்டும் நீங்கள் கொடுங்கள்.
பெயர்களை அழிக்க மாட்டான்.

வண்டி தாமதமானால் நான் காரணம் எழுத வேண்டும்.
டயர், டீசல், டிரைவருக்குக் காய்ச்சல்.
கட்டத்தைக் காலியாக விட்டால்
மேலிடத்தில் இருந்து மெமோ வரும்.
உங்களுக்கு இரண்டு மனு கொடுத்திருக்கிறேன், இது மூன்றாவது.
இரண்டுக்கும் எதிரே
இன்னும் எதுவும் எழுதவில்லை.

மூன்று மணி தர்மபுரி வந்துவிட்டது.
விசில் ஊத வேண்டும்.
வெப்பம் இப்போது நாற்பத்திரண்டு.